வேருக்கும் இடம் வேண்டும்

சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகளில், வாசலோரச் செடித் தொட்டிகள் இல்லாத தளத்தைக் காண்பது அரிது. ஒரு வீட்டு வாசலில் துளசியும் கறிவேப்பிலையும் இருக்கும். அடுத்த வீட்டு வாசலில் பண்டான் புதர்போல வளர்ந்திருக்கும். அதற்கடுத்த வீட்டில் சீனப் புத்தாண்டுக்கு வாங்கிய சிறு ஆரஞ்சுச் செடி நிற்கும். சமையலுக்கும் வழிபாட்டுக்கும் பண்டிகைக்கும் ஏற்பச் செடிகள் வீட்டுக்கு வீடு மாறுகின்றன. ஆனால், எல்லா இனத்தார் வீட்டிலும் இடம்பிடித்துள்ள கொடி ஒன்று உண்டு. அதுதான் மணி பிளாண்ட்.

லிட்டில் இந்தியாவிலும் இந்தக் கொடியைப் பார்க்கலாம். மாவிலை, வாழையிலை, வெற்றிலை என்று இலைகளே வியாபாரமாகும் பகுதி அது. மணி பிளாண்டின் இலையும் வெற்றிலையைப் போலவே இதய வடிவம் கொண்டது. பச்சை நிறத்தின் மீது மஞ்சள் தெளித்தாற்போல் இருக்கும். தோற்றம் ஒத்திருந்தாலும் இரண்டும் வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை. வெற்றிலை மிளகின் உறவு. மணி பிளாண்ட் சேம்பின் உறவு. வெற்றிலையை மெல்லலாம். மணி பிளாண்டின் இலையை வாயில் வைக்கக் கூடாது. அதிலுள்ள ஊசி போன்ற நுண்ணிய படிகங்கள் நாக்கிலும் தொண்டையிலும் எரிச்சலை உண்டாக்கும். சிறு குழந்தைகளும் பூனைகளும் உள்ள வீடுகளில் இக்கொடியை எட்டாத உயரத்தில் வைப்பது நல்லது.

இதன் தாவரவியல் பெயர் எபிப்ரெம்னம் ஆரியம். பசிபிக் பெருங்கடலில், பிரெஞ்சு பொலினீசியாவைச் சேர்ந்த மோரேயா என்னும் சிறிய தீவுதான் இதன் தாயகம். அங்கிருந்து புறப்பட்ட கொடி, இன்று வெப்பமண்டல நாடுகள் பலவற்றிலும் பரவியிருக்கிறது. இத்தனை தொலைவு பயணம் செய்த இந்தக் கொடி பூப்பதே அரிது. பூக்கத் தூண்டும் ஜிப்பரலின் என்ற ஹார்மோனைத் தயாரிப்பதற்கு உதவும் மரபணு ஒன்று இதில் சரியாகச் செயல்படவில்லை என்று 2016-இல் வெளியான ஆய்வு கண்டறிந்தது. பூ இல்லையேல் விதை இல்லை. ஆகவே, ஒருவர் தம் கொடியிலிருந்து ஒரு தண்டை வெட்டி மற்றொருவருக்குக் கொடுத்தால்தான் இது வீடு விட்டு வீடு போக முடியும். ஒரு வீட்டில் இருக்கும் மணி பிளாண்ட் பெரும்பாலும் வேறொரு வீட்டுக் கொடியின் துண்டு. அந்தக் கொடியும் அதற்கு முன் இருந்த ஒன்றின் துண்டு. இப்படிக் கை மாறிக் கை மாறி வருவதால்தான் பலருக்கு இது வெறும் செடியாக இருப்பதில்லை. கொடுத்தவரின் நினைவும் அதனுடன் சேர்ந்து வளர்கிறது.

அப்படி ஒரு கொடி உள்ள குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். தேக்கா நிலையத்தை ஒட்டிய அடுக்குமாடி ஒன்றில் ஒரு பாட்டியும் அவருடைய மகன் குடும்பமும் வசிக்கின்றனர். பக்கத்து வீட்டில் இருந்த மலாய் மாதரைப் பாட்டி 'மக்சிக்' என்றுதான் அழைப்பார். நோன்புப் பெருநாளுக்கு அங்கிருந்து பலகாரம் வரும். தீபாவளிக்கு இங்கிருந்து முறுக்கு போகும். மக்சிக் வேறு பேட்டைக்குக் குடிபெயர்ந்தபோது, ஜாம் பாட்டிலில் ஒரு மணி பிளாண்ட் தண்டைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். பாட்டி அதை ஒரு சிறிய தொட்டியில் நட்டார். கொடி தொட்டியின் விளிம்பைத் தாண்டித் தொங்கி, சன்னல் கம்பியைச் சுற்றி, வாசல்வரை வந்தது. எட்டு ஆண்டுகள் ஓடின. தொட்டி மாறவில்லை.

பிறகு கொடி சோர ஆரம்பித்தது. புதிய இலைகள் பழைய இலைகளில் பாதி அளவே இருந்தன. காலையில் ஊற்றிய தண்ணீர் அப்போதே அடித்துளை வழியாக ஓடிவிடும். மறுநாளே இலைகள் துவண்டுவிடும். பாட்டி இன்னும் அதிகமாகத் தண்ணீர் ஊற்றினார். உரமும் போட்டார். கொடி தேறவில்லை.

தமிழ் மாணவர்களுக்குப் பாரியின் கதை தெரியும். பற்றிப் படரக் கொம்பின்றித் தவித்த முல்லைக் கொடிக்குத் தன் தேரையே கொடுத்தவன் பறம்புமலைத் தலைவன் பாரி. அந்த முல்லையின் தேவை கண்ணுக்குத் தெரிந்தது. காற்றில் ஆடிய தளிரைப் பார்த்தவுடன் அதற்கு என்ன வேண்டும் என்று பாரியால் அறிய முடிந்தது. காட்டு மண்ணில் நின்ற அந்த முல்லையின் வேருக்கு இடப் பஞ்சம் இல்லை. அடுக்குமாடி வீட்டுக் கொடியின் நிலை வேறு. அதற்குப் பற்றிக்கொள்ளச் சன்னல் கம்பி உண்டு. கீழே தொங்கவும் இடம் உண்டு. குறை இருப்பது மண்ணுக்குள். மேலே மூன்று மீட்டர் நீண்ட கொடியின் வேர்கள் கீழே ஒரு கைப்பிடி மண்ணுக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன. அந்தத் தேவையைப் பார்க்க, தொட்டியைக் கவிழ்த்துத்தான் ஆக வேண்டும்.

தொட்டி மாற்றும் காலம் வந்துவிட்டதைச் சில அறிகுறிகள் காட்டும். தொட்டியின் அடித்துளை வழியாக வேர்கள் எட்டிப் பார்ப்பது முதல் அறிகுறி. ஊற்றிய தண்ணீர் மண்ணில் நிற்காமல் உடனே வெளியேறுவது இரண்டாவது. அப்போது தொட்டிக்குள் மண்ணைவிட வேரே அதிகமாக இருக்கும். தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ள மண் இருக்காது. முன்பு மூன்று நான்கு நாள்களுக்கு ஒருமுறை தண்ணீர் கேட்ட செடி இப்போது நாள்தோறும் கேட்பதும், புதிய இலைகள் சிறுத்துப் போவதும், மெல்லிய பிளாஸ்டிக் தொட்டி பக்கவாட்டில் பிதுங்குவதும் மற்ற அறிகுறிகள்.

இவற்றில் ஒன்றை மட்டும் கண்டு முடிவு செய்துவிடக் கூடாது. இலை சிறுப்பதற்கு வெளிச்சக் குறைவும் காரணமாக இருக்கலாம். மேலும், மணி பிளாண்ட் தொங்கும்போது சிறிய இலைகளையும், மரத்தில் ஏறும்போது பெரிய இலைகளையும் விடும் இயல்புடையது. சிங்கப்பூரின் பழைய மழைமரங்களில் ஏறிச் சென்ற மணி பிளாண்டைப் பார்ப்பவர்கள், அகன்று கிழிந்த அந்த இலைகளைக் கண்டு அதை வேறு செடி என்றே எண்ணிவிடுவார்கள். அதுபோல, இலை மஞ்சளாவதற்குப் பெரும்பாலும் அளவுக்கு மீறிய தண்ணீரே காரணம். மஞ்சள் இலையைக் கண்டதும் தொட்டியை மாற்றினால், ஏற்கெனவே நலிந்த செடிக்கு இன்னொரு துன்பம் சேரும். கடையிலிருந்து நேற்று வாங்கி வந்த செடியையும் இன்றே மாற்றத் தேவையில்லை. புதிய வீட்டின் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் அது பழகட்டும் என்று இரண்டு வாரம் விட்டுவிடலாம்.

சந்தேகம் தீர நேரடி வழி ஒன்று உண்டு. மண் ஓரளவு ஈரமாக இருக்கும்போது, தொட்டியைச் சாய்த்து, தண்டின் அடியை விரல்களுக்கு இடையே பிடித்துக்கொண்டு, மண்கட்டியோடு செடியை மெல்ல வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும். மண் அதிகமாகவும் வேர் குறைவாகவும் தெரிந்தால், அப்படியே திரும்ப வைத்துவிடலாம். வேர்கள் தொட்டியின் வடிவத்திலேயே வட்டம் வட்டமாகச் சுற்றி, மண்ணே தெரியாதபடி பின்னிக் கிடந்தால், காலம் வந்துவிட்டது என்று பொருள்.

குளிர் நாடுகளில் இந்த வேலைக்கு வசந்த காலம்வரை காத்திருப்பார்கள். குளிர்காலத்தில் செடியின் வளர்ச்சி மிகவும் குறைந்துவிடுவதால், அப்போது வேரைக் கலைத்தால் அது எளிதில் தேறாது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கும் சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும் உண்டு. ஆகையால் மாதம் பார்க்க வேண்டியதில்லை; செடியைப் பார்த்தால் போதும். கொளுத்தும் நண்பகலைத் தவிர்த்துக் காலையிலோ மாலையிலோ செய்யலாம்.

பாட்டியின் கொடியைத் தொட்டியிலிருந்து எடுத்தபோது, வேர்கள் நூற்கண்டைப்போல் சுற்றியிருந்தன. உயர்நிலை இரண்டில் படிக்கும் பேத்தி வியந்து போனாள். உடனே கடைக்கு ஓடி ஒரு பெரிய தொட்டியைத் தூக்கி வந்தாள்.

"பாட்டி, இனிமே பத்து வருஷத்துக்குக் கவலையே இல்ல. எவ்வளவு பெரிய தொட்டி பாருங்க!"

"அடேயப்பா! இதுக்குள்ள ஒரு வாழையே வைக்கலாம் போலிருக்கே, கண்ணு."

"பெருசா இருந்தா நல்லதுதானே பாட்டி? வேரு நல்லா ஓடும்ல?"

"உனக்கு ஒன்றாம் வகுப்புல சட்டை வாங்கினப்ப, இப்ப போடுற அளவுலயா வாங்கினோம்? ஒரு அளவு கூடுதலா வாங்கினோம், அவ்வளவுதான். செடிக்கும் அப்படித்தான்மா."

பாட்டியின் சொல்லுக்குப் பின்னால் அறிவியல் காரணம் இருக்கிறது. வேர்கள் தண்ணீரை மட்டுமல்லாமல் உயிர்வளியையும் எடுத்துக்கொள்கின்றன. மண்துகள்களுக்கு இடையே உள்ள சிறு இடைவெளிகளில் காற்று இருக்கும். தண்ணீர் ஊற்றும்போது அந்த இடைவெளிகள் நிரம்புகின்றன. வேர்கள் நீரை உறிஞ்ச உறிஞ்ச, காற்று மீண்டும் உள்ளே வருகிறது. சிறிய வேர்த்தொகுதியைப் பெரிய தொட்டியில் வைத்தால், வேர் எட்டாத மண் பல நாள்கள் ஈரமாகவே இருக்கும். காற்று உள்ளே வராது. வேர்கள் மூச்சுத் திணறும். ஈரத்தில் பெருகும் நுண்ணுயிர்கள் அவற்றைத் தாக்கும். இதுவே வேரழுகல். செடி வாடுகிறதே என்று இன்னும் தண்ணீர் ஊற்றுவார்கள். அழுகல் இன்னும் பரவும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்ற பழமொழி தொட்டிச் செடிக்கு அப்படியே பொருந்துகிறது. வீட்டுச் செடிகள் தண்ணீர் இல்லாமல் வாடுவதைவிட, தண்ணீர் மிகுந்து அழுகுவதே அதிகம் என்பது தோட்டக்கலையில் பழகியவர்கள் நன்கு அறிந்த செய்தி.

ஆகவே, புதிய தொட்டி பழையதைவிட மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் மட்டும் அகலமாக இருந்தால் போதும். பழைய தொட்டியின் வாய் 15 சென்டிமீட்டர் என்றால், புதியது 18 அல்லது 20 சென்டிமீட்டராக இருக்கலாம். அடியில் துளை கட்டாயம் வேண்டும். சுட்ட மண்தொட்டியின் சுவர் வழியாகவும் ஈரம் வெளியேறும். அதனால் மண் விரைவில் காயும். பிளாஸ்டிக் தொட்டியில் ஈரம் நெடுநேரம் தங்கும். தண்ணீர் ஊற்ற அடிக்கடி மறப்பவருக்குப் பிளாஸ்டிக் தொட்டியும், அடிக்கடி ஊற்றிக்கொண்டே இருப்பவருக்கு மண்தொட்டியும் ஏற்றவை.

தொட்டியின் அடியில் கற்களைப் பரப்பினால் தண்ணீர் நன்றாக வடியும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் அது உதவுவதில்லை. நுண்ணிய துகள்கள் கொண்ட மண்ணிலிருந்து பெரிய இடைவெளிகள் கொண்ட கற்களுக்குள் தண்ணீர் எளிதாக இறங்காது. மேலே உள்ள மண் முற்றிலும் நனைந்து நிரம்பிய பிறகுதான் கீழே சொட்டும். கற்கள் இடத்தை அடைத்துக்கொள்வதால், ஈரம் தேங்கும் பகுதி வேருக்கு இன்னும் அருகில் வந்துவிடுகிறது. துளை வழியாக மண் கொட்டாமலிருக்க ஒரு துண்டு வலை போதும். வடிகால் நன்றாக இருக்க வேண்டுமானால், மண்கலவையே பொலபொலவென்று இருக்க வேண்டும். தொட்டிக்கான மண்ணுடன் தென்னை நார்த்தூளையும் பெர்லைட் எனப்படும் வெள்ளை நிறக் கற்பொரியையும் கலந்துகொள்ளலாம். நார்த்தூள் ஈரத்தைப் பிடித்து வைக்கும். பெர்லைட் காற்றுக்கு வழி விடும்.

பேத்தி பெரிய தொட்டியைக் கடையில் மாற்றிக்கொண்டு வந்தாள். முதல் நாளே கொடிக்குத் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். ஈரமான வேர்கள் எளிதில் முறியா. தரையில் பழைய நாளிதழ்களை விரித்தார்கள். மணி பிளாண்டின் சாறு சிலருக்குத் தோலில் அரிப்பைத் தரும் என்பதால் இருவரும் கையுறை அணிந்துகொண்டார்கள். நீண்டு தொங்கிய கொடிகள் காலில் சிக்கி முறியாமலிருக்க, அவற்றைத் தளர்வாகச் சுருட்டி ஒரு நூலால் கட்டி வைத்தார்கள். படரும் செடிகளுக்குத் தொட்டி மாற்றும்போது பலர் மறந்துவிடும் வேலை இது. வேரைக் காப்பாற்றப் போய்க் கொடியை ஒடித்துவிடுவது எளிது.

சுற்றிக் கிடந்த வேர்களை விரல்களால் மெல்லப் பிரித்தார்கள். வேர்கள் வட்டமாகச் சுற்றப் பழகிவிட்டால், புதிய மண்ணில் வைத்த பிறகும் அதே வட்டத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். பிரித்து விட்டால்தான் அவை வெளிப்புறம் நோக்கி வளரும். வெளுப்பாகவும் உறுதியாகவும் இருந்தவை நல்ல வேர்கள். கறுத்து, தொட்டால் நைந்துபோனவை இறந்த வேர்கள். அவற்றைச் சுத்தமான கத்தரிக்கோலால் வெட்டினார்கள்.

"வேரை வெட்டினா செடிக்கு வலிக்காதா பாட்டி?"

"செத்த வேரைத்தானே வெட்டுறோம். அத விட்டுவெச்சா நல்ல வேரும் சேர்ந்து அழுகிடும். நல்லதுல கைய வெக்காம பாத்து வெட்டு."

புதிய தொட்டியின் அடியில் கொஞ்சம் மண்கலவையைப் போட்டு, செடியை நடுவில் வைத்து, சுற்றிலும் மண்ணை நிரப்பினார்கள். செடி முன்பு எந்த ஆழத்தில் இருந்ததோ அதே ஆழத்தில் இருக்க வேண்டும். தண்டு புதைந்தால் அழுகலாம். வேர் வெளியே தெரிந்தால் காயலாம். மண்ணை அழுத்தி இறுக்காமல், தொட்டியை இருமுறை தரையில் தட்டினார்கள். மண் தானே இறங்கி அமர்ந்தது. தண்ணீர் வழியாமலிருக்க மேலே இரண்டு சென்டிமீட்டர் இடம் விட்டார்கள். பிறகு, அடித்துளை வழியாக வெளியேறும்வரை தண்ணீர் ஊற்றினார்கள்.

நான்கு நாள்கள் கழித்து இரண்டு இலைகள் மஞ்சளாயின. பேத்தி பதறினாள். உரம் போடலாமா என்று கேட்டாள். பாட்டி தடுத்துவிட்டார். இடம் மாறிய செடி சில இலைகளை இழப்பது இயல்பு. கலைந்த வேர்களால் பழைய அளவுக்கு நீரை உறிஞ்ச முடியாது. ஆகையால், சில இலைகளைக் கைவிட்டுச் செடி தன் செலவைக் குறைத்துக்கொள்கிறது. புண்பட்ட வேருக்கு அப்போது உரம் கொடுத்தால் அது கருகவும் கூடும். நேரடி வெயில் படாத வெளிச்சமான இடத்தில் ஓரிரு வாரம் வைத்து, மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர் ஊற்றி, ஒரு மாதத்துக்கு மேல் சென்ற பின்னரே உரம் கொடுக்க வேண்டும். செடிக்குச் செய்ய வேண்டியதைச் செய்து முடித்த பிறகு, அதைச் சும்மா விட்டுவிடுவதும் ஒரு பராமரிப்புதான். பலருக்கு அதுவே கடினமான பகுதி. மூன்றாவது வாரத்தில் கொடியின் நுனியில் சுருண்ட பச்சைத் தளிர் ஒன்று தெரிந்தது. அது விரிந்தபோது, முந்தைய இலையைவிடப் பெரிதாக இருந்தது.

சிங்கப்பூரில் செடி வளர்ப்பவர்களுக்குச் செடியைப் பற்றிய கவலையுடன் மற்றவர்களைப் பற்றிய பொறுப்பும் உண்டு. டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தேங்கிய சிறிதளவு தெளிந்த நீரிலும் முட்டையிடும். முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் போதும். 2020-ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் 35,000-க்கும் மேற்பட்டோர் டெங்கியால் பாதிக்கப்பட்டனர். கொசுப் பெருக்கத்தைத் தடுக்கத் தேசியச் சுற்றுப்புற அமைப்பு வலியுறுத்தும் ஐந்து செயல்களில் மூன்று செடிகளோடு தொடர்புடையவை. இறுகிய மண்ணைக் கிளறிவிட வேண்டும். தொட்டியின் அடித்தட்டைத் தூக்கி நீரைக் கொட்ட வேண்டும். பூச்சாடிகளின் நீரை மாற்ற வேண்டும். ஆண்டுக்கணக்கில் மாற்றாத மண் இறுகிப் போனால், அதன் மேலேயே தண்ணீர் தேங்கி நிற்கும். ஆகவே, உரிய காலத்தில் மண்ணை மாற்றுவது வேருக்கு நன்மை. அண்டை வீட்டாருக்கும் நன்மை. மணி பிளாண்டைத் தண்ணீர் நிரப்பிய பாட்டிலில் வளர்ப்பவர்களும் அந்த நீரை அடிக்கடி மாற்றி, பாட்டிலின் உட்புறத்தையும் வேர்களையும் கழுவ வேண்டும்.

நடைவழியில் தொட்டி வைப்பவர்கள் மற்றொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். தீவிபத்து நேர்ந்தால் மக்கள் தப்பிச் செல்லவும், மருத்துவ வண்டியின் படுக்கையைத் தள்ளிச் செல்லவும், நடைவழியில் குறைந்தது 1.2 மீட்டர் அகலம் தடையின்றி இருக்க வேண்டும். மதில் விளிம்பில் தொட்டிகளை வைக்கவே கூடாது. ஈரமண் நிறைந்த தொட்டி உயரமான தளத்திலிருந்து விழுந்தால், கீழே செல்பவரின் உயிரே போகலாம். தொட்டி பெரிதாகும்போது அதன் எடையும் பெரிதாகிறது. தொங்கவிடும் தொட்டியாக இருந்தால், கொக்கியும் கம்பியும் அந்த எடையைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும்.

வேருக்கு இடம் தர வேண்டும் என்ற எண்ணம் சிங்கப்பூருக்குப் புதிதன்று. 1963-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஃபேரர் சர்க்கஸில் பிரதமர் லீ குவான் இயூ ஒரு மரக்கன்றை நட்டு, மரம் நடும் இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். 1967-இல் சிங்கப்பூரைத் தோட்ட நகரமாக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. சாலைகளும் கட்டடங்களும் நெருங்கிய நகரத்தில் மரத்தை நடுவது எளிது. நட்டதை வாழவைப்பது கடினம். தாரும் சிமெண்டும் மூடிய மண்ணில் வேருக்குக் காற்றும் நீரும் கிடைப்பதில்லை. அதனால் சாலையோரங்களில் மரங்களுக்கென்றே மண்பகுதி விடப்பட்டது. வாகன நிறுத்துமிடங்களில் மரங்களைச் சுற்றித் துளைகள் கொண்ட சிமெண்டுப் பலகைகள் பதிக்கப்பட்டன. வண்டிகள் மேலே நிற்கும். துளைகளின் வழியே காற்றும் மழைநீரும் வேரைச் சென்றடையும். இன்று சாலைகளுக்கு மேலே குடைபோல் கவிந்திருக்கும் மழைமரங்களைப் பார்ப்பவர்கள் கிளைகளைப் பாராட்டுகிறார்கள். அந்தக் கிளைகளுக்கு அடிப்படை, தரைக்குக் கீழே வேருக்காக விட்டுக்கொடுத்த இடம்.

மனிதர்களும் இந்த நகரத்தில் இடம் மாறி வேர்விட்டவர்களே. 1960-இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கிய பிறகு, கம்பங்களில் வாழ்ந்த பல குடும்பங்கள் அடுக்குமாடிகளுக்கு மாறின. முற்றம் போய் நடைவழி வந்தது. நிலத்தில் நின்ற செடி தொட்டிக்கு வந்தது. முதல் சில மாதங்கள் பலருக்கும் கடினமாகத்தான் இருந்திருக்கும். புதிய அண்டை வீட்டார், புதிய சந்தை, புதிய பள்ளி என்று பழகப் பழக அவர்கள் நிலைபெற்றார்கள். பள்ளி மாறும் மாணவருக்கும், வேலைக்காக ஊர்விட்டு வந்தவருக்கும் அப்படிப்பட்ட சில வாரங்கள் உண்டு. அந்த நாள்களில் உதிரும் ஓரிரண்டு இலைகளைக் கண்டு யாரும் பதற வேண்டியதில்லை.

தொட்டி மாற்றும் நாளில் மணி பிளாண்ட் ஒரு வெகுமதியையும் தருகிறது. நீண்டு மெலிந்த கொடிகளை அன்றே கத்தரித்துவிடலாம். வெட்டிய இடத்துக்குக் கீழே புதிய கிளைகள் தோன்றி, செடி அடர்த்தியாகும். வெட்டிய துண்டுகளும் வீணாவதில்லை. இலை பிறக்கும் கணுவில் பழுப்பு நிறத்தில் ஒரு சிறு முடிச்சு இருக்கும். அந்தக் கணு நீரில் மூழ்கும்படி தண்டை வைத்தால், சில வாரங்களில் அங்கிருந்து வேர் புறப்படும். கணு இல்லாத வெறும் இலை நெடுநாள் பச்சையாக இருந்தாலும் செடியாக வளராது. தேசியப் பூங்காக் கழகம் 2005-இல் தொடங்கிய சமூகத் தோட்டத் திட்டத்தின்கீழ், குடியிருப்புகளிலும் பள்ளிகளிலும் தோட்டங்கள் உருவாகியுள்ளன. அத்தகைய தோட்டங்களில் செடித் துண்டுகளைப் பகிர்ந்துகொள்வது வழக்கமான காட்சி. திருடி நட்ட மணி பிளாண்ட்தான் செல்வம் தரும் என்று சிலர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. திருட வேண்டிய தேவையே இல்லை. கேட்டால் மறுப்பவர் மிகக் குறைவு.

பாட்டி அன்று வெட்டிய துண்டுகளில் ஒன்றைப் பேத்தி தன் வகுப்பறைக்கு எடுத்துச் சென்றாள். மற்றொன்றைப் பாட்டி ஒரு ஜாம் பாட்டிலில் போட்டு, மக்சிக்கின் புதிய வீட்டுக்குக் கொண்டுபோகத் தனியாக எடுத்து வைத்தார். அங்கே வேர் விட்ட பிறகு அந்தத் துண்டுக்கும் ஒரு தொட்டி தேவைப்படும். அது எந்த அளவில் இருக்க வேண்டும் என்பதைச் செடியின் இலை சொல்லாது. வேரைப் பார்த்தவருக்கே தெரியும்.